கடைசி ஆட்டத்து மண்

ஆட்டம் முடியும் முன்பே சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஃபிலடெல்ஃபியாவில் பேஸ்பால் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக வேர்க்கடலை கொண்டுவருவார்கள். அன்றைக்கு ஸ்பேனரும் ரம்பமும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் தெருக்கோடி மைதானத்தின் கடைசி ஆட்டம் அது. அடுத்த வருஷம் அணி நகரத்தின் தெற்கே கட்டிய புது சிமென்ட் வட்ட மைதானத்துக்குப் போகிறது. போகிறவர்கள் போகட்டும், நாற்காலியாவது மிஞ்சட்டும் என்று ஆளாளுக்கு உட்கார்ந்த இடத்தையே பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழிப்பறைக் கோப்பையைத் தோளில் சுமந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

என் அம்மா ஹில்டா கொண்டுவந்தது ஒரு காபி டப்பாவும் சமையலறைக் கரண்டியும்தான். அவளுக்கு வேண்டியது என் அப்பா.

இந்த மைதானத்தில் ஒரு காலத்தில் இரண்டு அணிகள் ஆடின. அப்பாவுடைய அணி பதினாறு வருஷத்துக்கு முன்னால் கான்சஸ் சிட்டிக்கு மூட்டை கட்டியது. மிஞ்சிய அணியை அவர் மாற்றாந்தாய் மாதிரி பார்த்தார். அது தோற்பதைப் பார்க்கவே டிக்கெட் வாங்குவார், பெரும்பாலும் ஏமாந்ததில்லை. சாகும்போது, தன் சாம்பலை வலது பக்கத்து எல்லைக்கோட்டருகே போடச் சொன்னார். அப்படிக் கேட்பது இங்கே புதிதல்ல, அனுமதிதான் கிடைக்காது. அம்மா சாம்பலை ரொட்டிப் பையில் மறைத்து எடுத்துப்போய், கம்பிமேல் சாய்ந்து கொட்டிவிட்டு வந்தாள். பிறகு வந்த கோடைகளில் எல்லாம் அதே கம்பியருகேதான் உட்கார்ந்தாள். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அந்த இடத்தைத்தான் பார்த்தாள். இப்போது அந்த மண்ணைத் தன் சவப்பெட்டியில் போட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கடைசிப் பந்து முடிந்ததும் கூட்டம் உள்ளே குதித்தது. அம்மாவை நான் தூக்கி இறக்கினேன். தரையைப் பராமரிக்கும் கசிமிர், காலையில் தான் சுண்ணாம்பு தூவிப் போட்ட கோடு காலடியில் அழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையும் தடுக்கவில்லை. அவரிடம் விஷயத்தைச் சொல்லி, அம்மாமேல் யாரும் விழாமல் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

“வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரு சாம்பலைக் கொட்டிட்டுப் போவாங்கம்மா. ஆட்டம் முடிஞ்ச கையோட கூட்டி அள்ளிருவோம். விட்டா புல்லு கருகிடும்.”

“அள்ளி?”

“குப்பை வண்டிதான்.”

அவர் மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. அது அவர் வேலை. எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது, அறைய ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் அந்தக் கிழவி வெறும் தரையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். சொல்லாமல் விட்டால், யாரோ மிதித்த மண்ணை அப்பா என்று நானே என் கையால் அவள் பெட்டியில் கொட்ட வேண்டும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தே திரும்பினேன். அதற்குள் அம்மா கூப்பிட்டாள்.

கோடு இருந்த அடையாளமே தெரியாத இடத்தில் மண்டியிட்டிருந்தாள். உள்ளங்கையில் மண்ணுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்ப் பொடிக்கட்டிகள்.

“பாருடி. இத்தனை மழை பேஞ்சும் கரையவே இல்ல. அப்படியே இருக்காரு.”

சுண்ணாம்பு. நான் கசிமிரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அம்மா அந்தக் கட்டிகளை டப்பாவில் போடவில்லை, ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் பொறுக்கி வைத்தாள். அப்பாவின் இறுதிச் சடங்கில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது அழுதாள். கண்ணைத் துடைத்த இடத்தில் கன்னமெல்லாம் வெள்ளை. நான் குனிந்து கையால் மண்ணை அள்ளி டப்பாவில் போட்டேன்.

பின்னால் பலகைகள் முறிந்துகொண்டிருந்தன. அவள் கரண்டியை ஊன்றி எழுந்து கசிமிரிடம் போனாள்.

“தம்பி, இந்த இடத்தை நீங்கதான் பாத்துக்கிட்டீங்களா?”

“ஆமாம்மா.”

“நல்லா பாத்துக்கிட்டீங்க.”

நன்றி சொல்லக் கையை நீட்டினாள். கசிமிர் தன் கையைக் கால்சட்டையில் துடைத்தார். பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தித் துடைத்தார். நகக்கண்ணில் ஏறியிருந்த வெள்ளை போகவில்லை. அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது.