அண்ணன் அட்டையில் என் சர்க்கரை

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வருவார். அன்றைக்கு வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவது என் வேலை. தேர்வாய் கண்டிகை கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டை எட்டே மாதத்தில் விட்டுவிட்டு வீட்டில் கிடப்பவனுக்கு அம்மா வேறு என்ன வேலை கொடுப்பாள்?

மாத்திரை என் அண்ணன் அரசப்பனுக்கு. பன்னிரண்டு வருடமாகச் சாப்பிடுகிறான். காதில் கேட்ட குரல்கள் நின்றன. பதிலுக்குப் பசி வந்தது, உடம்பு ஊதியது, பகலெல்லாம் தூக்கம். பஸ்ஸில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று மூன்று வருடமாக அவன் டாக்டரிடம் வருவதில்லை. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். வரிசையில் நிற்பதெல்லாம் அம்மாக்களும் தம்பிகளும்.

ஐந்து மாதத்துக்கு முன் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். இந்த மாத்திரைகளால் சர்க்கரை ஏறலாம், அதனால் நோயாளிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் நேரில் வந்து எடை, பிரஷர், சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற செங்கம்மாள், "பாக்கலன்னா மாத்திர தரமாட்டாங்களாம்" என்றாள். அவள் வந்திருந்தது மகனுக்காக.

மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை நின்றபோது அண்ணன் மோட்டார் ரூமில் மூன்று நாள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தான்.

அடுத்த மாதம் நான் மட்டும் வெறும் வயிற்றோடு போனேன். நர்ஸ் ஏஞ்சல் வேலைக்குப் புதிது. அட்டையைப் பார்த்து, "அரசப்பன் யாரு?" என்றார்.

"நான்தான் சிஸ்டர்."

விரலை நீட்டினேன். எடை அறுபத்தொன்று. பிரஷர் சரி. சர்க்கரை தொண்ணூற்றாறு. "நல்லா இருக்குது. இப்படியே வெச்சிக்கோங்க" என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

அண்ணனைக் கூட்டிப் போகச் சொல்லி முந்தின நாள் முழுக்க அம்மா நச்சரித்திருந்தாள். அவள் நடவுக்குப் போயிருந்தது வசதியாகிவிட்டது. சாயங்காலம் வந்தவளிடம், "இட்டுக்கினு போனேன், எல்லாம் நார்மல்" என்றேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுக்கும் அது வசதி. அம்மா அட்டையை சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

அதன்பிறகு அண்ணன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். பின்பக்கம் அவன் ஒண்ணுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்த்தது. முதலில் பார்த்தது அம்மாதான்.

"நைனா, இன்னாடா இவ்ளோ எறும்பு? சக்கர கிக்கர இருக்குமோ?" என்றாள். பிறகு அவளே, "ச்சீ, நல்லா இருக்குதுன்னு அட்டையிலயே போட்டுக் குட்தாங்களே" என்றாள்.

"ஆமா" என்றேன்.

மாதாமாதம் ஏஞ்சல் சிஸ்டர், "வாங்க அரசப்பன்" என்பார். நானும் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவேன்.

போன மாதம் அண்ணனின் இடது கால் கட்டைவிரலில் வேலிகாத்தான் முள் குத்தியது. மூன்று வாரமாகியும் ஈரம் காயவில்லை. அவன் நொண்டக்கூட இல்லை. "வலிக்கவே இல்லடா" என்று பெருமையாகச் சொன்னான். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அடுத்து வந்த இரண்டாவது செவ்வாயில் சொன்னேன். "சிஸ்டர், அந்தத் தொண்ணூத்தாறு எங்க அண்ணனோடது இல்ல. என்னோடது."

"அப்ப நீ யாரு?"

"மதன். தம்பி."

"நல்லா வந்து சேர்ந்தடா தம்பின்னு! ஏன் இப்படி பண்ண?"

"பாக்கலன்னா மாத்திர தரமாட்டீங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது? அந்தத் தாள்ல அப்படி இருக்குதா?"

இல்லை. அவர் எழுந்து வரிசையைப் பார்த்து, "பேஷண்ட் நேர்ல வந்திருக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க" என்றார். முப்பது பேரில் ஐந்து கைகள் உயர்ந்தன. செங்கம்மாளின் கை பாதி எழுந்து இறங்கியது.

சிஸ்டர் மேசையில் இருந்த அட்டைக் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "பதினோரு மணிக்குள்ள அவர இட்டுக்கினு வா. நாஷ்டா சாப்ட்டாரா?" என்றார்.

"இன்னும் எந்திரிக்கவே இல்ல சிஸ்டர்."

"அதுவும் நல்லதுக்குத்தான்."

வீட்டில் அண்ணனை எழுப்பினேன். "பேஜாரு பண்ணாதடா. உன் ரத்தத்தையே குடுத்துட்டு வா. போன தபா நல்லாத்தான வந்துது" என்றான்.

டீ டம்ளரோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடா சொல்றான் இவன்?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. "நாலு மாசமா மூணு ஸ்பூன் சக்கர போட்டுக் குடுத்துக்கினு இருக்கேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை முருங்கை அடியில் ஊற்றினாள்.

அண்ணன் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பைக்கில் வந்தான். எடை எண்பத்தொன்பது. சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு. சிஸ்டர் அட்டையில் என் எண்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு அவனுடையதை எழுதினார்.

பிறகு அவனைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை வைத்திருந்தார். "கால்ல தொடும்போது சொல்லுங்கண்ணா."

வலது பாதத்தில் தொட்டதும், "ம்" என்றான். இடது பாதத்தில் கட்டைவிரலில் தொட்டார். பக்கத்து விரலில் தொட்டார். அடிப்பாதத்தில் இரண்டு முறை தொட்டார். அண்ணன் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஆரம்பிக்கலியா சிஸ்டர்?" என்றான்.

சிஸ்டர் நைலான் நரம்பை மேசையில் வைத்தார். அவர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். "நாளைக்கே திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. விரல காப்பாத்திடலாம்னு நெனைக்கிறேன். உறுதியா சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான். "திருவள்ளூர் பஸ்ல கூட்டமா இருக்குமேடா?"

"இருக்கும்."

"எல்லாரும் என்னையே பாப்பாங்க."

"பாப்பாங்கதான்."

கொஞ்ச தூரம் நடந்தான். கட்டுப் போட்ட காலை மற்ற காலைப் போலவே அழுத்தி ஊன்றினான். "நீயே போய்ட்டு வாயேன்" என்றான்.

"கால நான் எடுத்துக்கினு போவ முடியாதுணா."

அதை அவன் யோசித்தான். பிறகு துண்டை முகம்வரை இழுத்து விட்டுக்கொண்டு, "எத்தினி மணிக்கு பஸ்?" என்றான்.