இடப்பக்கத்துச் சீட்டு

தம்பி என்று நம்பி உட்கார்ந்தால் சீட்டில் மொட்டைதான். கேசாவுக்கு இது சின்ன வயதிலிருந்தே பட்டுத் தெரிந்த பாடம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீரும் சீட்டுமாக உட்காரும்போது தம்பி ஃபோக்கோவுக்கு இடப்பக்கத்தில்தான் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். கண் அவன் கையிலேயே இருக்கும்.

இன்று முதல் ஆட்டத்திலேயே, கையில் ஆட்டின் சீட்டே இல்லை என்று ஃபோக்கோ துருப்பால் வெட்டினான். கடைசியில் அதே கையிலிருந்து ஆட்டின் ஒன்பது விழுந்தது.

"டேய், இது எங்கேருந்துடா முளைச்சுது?"

"கவனிக்கலக்கா."

அடுத்த ஆட்டத்திலும் அதே கூத்து. அவள் கத்தினாள், அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வாயின் ஒரு ஓரம் மட்டும் இளித்தது. நக்கலைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடுங்க, டீயில ரம்மை ஊத்தியிருப்பான். நாக்கு குழறுது பாருங்க," என்றார் பக்கத்து வீட்டு ஹின்ரிக்.

"குடிச்சா இவன் பாட்டுல்ல பாடுவான்! இது வேற ஏதோ திருட்டுத்தனம்."

கோபத்தோடு பிளம் கேக்கை வெட்டி வைத்தாள். ஃபோக்கோ தின்றுவிட்டு முறைத்தான். "எனக்கு மட்டும் பாதித் துண்டா? பழி வாங்குறியாக்கா?"

தட்டின் இடது பாதியில் கேக் அப்படியே இருந்தது. அவன் இடக்கைச் சீட்டுகள் நழுவிக் கேக் மேலிருந்த கிரீமில் கிடந்தன. அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. கேசா தட்டைத் திருப்பி வைத்தாள்.

"அட, இப்பதான் வச்சியா?"

"ரெண்டு கையையும் தூக்குடா."

வலக்கை எழுந்தது. இடக்கை மேசையிலேயே கிடந்தது.

"தூக்கிட்டேனே," என்றான். அவன் பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

"செத்த படுத்தா சரியாயிடும். இல்லேன்னா என் கார்ல நம்ம டாக்டர்கிட்ட..." என்று ஹின்ரிக் சாவியைத் தேடினார்.

"இது பக்கவாதமய்யா! ஆம்புலன்ஸ்காரங்கதான் இதுக்குன்னு வார்டு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே சொல்லிவச்சு நேராக் கொண்டுபோவாங்க." சொல்லிக்கொண்டே அவசர எண்ணை அழுத்தினாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள்கள் தயாராக நின்றார்கள். "கடைசியா எப்ப நல்லா இருந்தார்? அடைப்பைக் கரைக்கிற மருந்து போடலாமான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டாள் டாக்டர்.

"சர்ச் மணி மூணு அடிக்கிற வரைக்கும் நல்லா இருந்தான். அதுக்கப்புறம்தான் முதல் தப்பாட்டம். திருடுவான்னு கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டிருந்தேன், டாக்டர்."

மறுநாள் அவன் இடக்கை விரல்கள் மெல்ல அசைந்தன. கேசா அவற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உடம்புக்கு முடியாதவனைப் போய்த் திருடன்னு நெனச்சேனேடா. மன்னிச்சுக்கடா."

"ரெண்டாவது ஆட்டத்துக்கு வேணா மன்னிக்கிறேன்," என்றான் ஃபோக்கோ, நாக்கு இன்னும் தடுமாற. "முதல் ஆட்டம் திருட்டுதான்க்கா."

நேற்று உணர்வே இல்லாமல் கிடந்த அந்தக் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ! வலிக்குதுக்கா!"

"வலிக்கட்டும்டா," என்றாள் கேசா, கண்ணைத் துடைத்தபடி. "நல்லா வலிக்கட்டும்."