குறையே இல்லாத திரை

பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிற புத்தி எனக்கில்லை. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கோரமண்டல் லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. காதைப் பொத்திக்கொண்டால்தான் கேட்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷைலஜா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெங்களூருக்கு ரயிலில் போய் டிசைன் படிக்கிற பெண், இது கடைசி வருடம். இத்தனை நாள் செய்ததையெல்லாம் போர்ட்ஃபோலியோவாகத் தொகுத்து, அந்தத் தொழிலில் பெரிய ஆட்களான இரண்டு பேரிடம் வீடியோவில் காட்டிக் கருத்துக் கேட்கிறாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவர்கள் ஸ்டுடியோவிலேயே பயிற்சி, பிறகு வேலை. பிடிக்காவிட்டால் பங்காருபேட்டை செல்போன் கடையில் பில் போட வேண்டியதுதான். அவள் அப்பா மனோகர் பேசி முடித்துவிட்டார். "வேண்டிக்கோங்கக்கா" என்று விடிந்ததுமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ரூபேஷ் என்கிறவர் ஒரு போஸ்டரைப் பாராட்டினார். பிறகு நளினி என்கிற அம்மாள், சென்னைக் குரல், கேட்டார்: "இந்தத் தூசித் திரையை ஆறு வீட்ல ஒரு மாசம் மாட்டிப் பார்த்ததா போட்டிருக்கீங்க. மாட்டினவங்க என்ன சொன்னாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வீடா? ஒரு மாதமா?

காற்றுக் காலத்தில், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி எங்கள் சோற்றுப் பானை வரை வரும். அதைத் தடுக்க ஷைலஜா ஒரு மரச்சட்டத்தில் இரட்டைத் துணி கட்டி, நனைத்து ஜன்னலில் மாட்டுகிற மாதிரி ஒரு திரை செய்தாள். செய்தது ஒன்றே ஒன்று. ஒரே மத்தியானத்தில் அதை ஆறு ஜன்னல்களில் மாட்டி மாட்டிப் படம் எடுத்தாள். நாங்களும் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றோம். எடுத்து முடித்ததும், "எங்க வூட்ல எடமில்லக்கா" என்று என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

"எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது மேடம்," என்றாள் ஷைலஜா.

"அவங்கள்ல யாராவது பக்கத்துல இருக்காங்களா? ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

"அடுத்த வீட்டு அக்கா இருக்காங்க மேடம்."

பாய்ந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து திரையை இழுத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் கொட்டி ஜன்னலில் மாட்டினேன். கதவைத் திறந்தால் ஷைலஜா லேப்டாப்பை ஏந்திக்கொண்டு நிற்கிறாள், முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலைப் பார்த்ததும் கண்ணாலேயே என்னைக் கும்பிட்டாள்.

"வணக்கம் மேடம், நான் புஷ்பவல்லி," என்றேன். சுரங்கத்தைப் படம் பிடிக்கக் காமிராவோடு வருகிறவர்கள் மனம் கோணாமல் பேசி அனுப்புவது எங்கள் லைனுக்குக் கைவந்த கலை. "இது வந்ததுலேர்ந்து வூட்ல ஒரு பொட்டுத் தூசி கெடையாது. எம்மாம் காத்தடிச்சாலும் உள்ள வராது. தங்கமான பொண்ணு மேடம்."

"வீடு இருட்டாகலையா?"

"இல்லவே இல்ல."

"தினம் நனைக்கிறது கஷ்டமா இல்லையா?"

"அதுல இன்னா கஷ்டம்? ஒரு சொம்பு தண்ணி."

"ஏதாவது குறை இருக்குமே, ஒண்ணு சொல்லுங்க."

"குறையே இல்ல மேடம்!"

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். நளினி கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஷைலஜா, ஒரு மாசம் புழங்கின சாமானை ஒரு குறையும் சொல்லாத ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. நிஜமா மாட்டினீங்களா?"

ஜன்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல மேடம்," என்றாள் ஷைலஜா. "படத்துக்கு மட்டும்தான்."

ரூபேஷ் தலையைக் குனிந்துகொண்டார். "மத்த வேலையெல்லாம் நல்லா இருக்கு," என்றார் நளினி. "இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க. ஆனா இந்தத் தடவை உங்களை நாங்க எடுத்துக்க முடியாது." அவ்வளவுதான், இருவர் முகமும் மறைந்தது.

அழுவாள் என்று பார்த்தால் என்மேல் பாய்ந்தாள். "குறையே இல்லன்னு யாருக்கா உங்கள சொல்லச் சொன்னது? சும்னே ஒண்ணு ரெண்டு சொல்லிக்கலாம் இல்ல? எல்லாம் பூட்ச்சு!"

எனக்கும் சுருக்கென்று ஏறியது. "குறை தானே? கேட்டுக்கோ. ஆடிக் காத்துல நாலு நாளு நானே மாட்டினேன்டி அத. பட்டப்பகல்ல லைட்டு போட வேண்டியதாப் போச்சு. காத்துல பட்டு பட்டுனு அடிச்சுகினே கீது, தூக்கமில்ல. கட்டில் பூரா ஈரம். அப்பாலதான் கழட்டி அடியில தள்ளினேன்."

"மாட்டினீங்களா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? தெனம் என் வாசலத் தாண்டித்தான் ரயிலுக்குப் போற. ஒரு நாளாவது, 'அக்கா, தூசி நின்னுதா'ன்னு கேட்டியா? சிரிங்கன்னுதானே சொன்ன!"

சொன்ன பிறகு எனக்கே வலித்தது. அவளுக்காகப் பொய் சொன்ன அதே வாயால் அவளை அடித்துவிட்டேன். ஷைலஜா ஜன்னலண்டை போய்க் கீழ்க்கட்டையில் விரலை வைத்து இழுத்தாள். ஈரமும் வெள்ளைப் புழுதியும் சேறாக விரலில் ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தூசி நின்னுதாக்கா?"

"நிக்கலடி," என்றேன்.