சத்தம் போடும் என்ஜின்

மேஜை மேல் என்ஜின் பொருத்தாத இரண்டு பொம்மை விமானக் கூடுகளும் இரண்டு என்ஜின்களும் கிடந்தன. மச்சான் எதை எடுத்தாலும் நான் மற்றதைத் தூக்கிப் பிடிப்பேன். அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எங்களுக்குள் அப்படித்தான்; அவர் கிழக்கு என்றால் நான் மேற்கு. ரிமோட் விமானம் விடுகிற பைத்தியம் ஒன்றுதான் எங்களை ஒரே மேஜையில் உட்கார வைத்தது.

மச்சான் பஸ் ஓட்டுகிறவர். வண்டியில் ஒரு கீறல் விழாமல் காலம் தள்ளியவர் என்று டிப்போவில் பெயர். அப்படிப்பட்டவர் சமீபத்தில் அடுத்தடுத்து இரண்டு விமானங்களைத் தரையில் குத்தினார். இரண்டு முறையும் வெயில் கண்ணில் அடித்துவிட்டதாகச் சொன்னார். இரண்டாவது தடவை வானம் முழுக்க மேகம். மைதானத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் அது மனதில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. பார்வையில் ஏதாவது கோளாறு என்றால் விமானம் போனால் போகட்டும். பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறாரே.

மைதானத்தில் வரப்போகிற வேகப் போட்டிக்கு எந்தக் கூடு என்பதில் சண்டை வரவில்லை. ஒன்று பால்சா மரம், அகல இறக்கை, ஊர்வலம் போல நிதானமாகப் போவது. மற்றது கண்ணாடி இழை, இறக்கை கத்தி மாதிரி மெலிசு. அவர் கண்ணாடி இழையை எடுத்தார். அதற்குப் பொருத்தம் பேட்டரி மோட்டார். கைக்குள் அடங்கும், கனம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே சீறும். போன வருடம் முழுக்க அதன் புகழைப் பாடி எங்கள் உயிரை வாங்கியவர் இவர்தான். இப்போது அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, புகையும் எண்ணெயும் கக்கும் பழைய எரிபொருள் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போட்டா மூக்கு தொங்கும் மச்சான்."

பேட்டரி மோட்டாரை மூக்கில் வைத்து, இறக்கைக்கு அடியில் விரல் நுனிகளைக் கொடுத்துக் கூட்டைத் தூக்கி நிறுத்தினேன். சமமாக நின்றது. அதை எடுத்துவிட்டு அவர் கையிலிருந்த என்ஜினை வாங்கி வைத்ததும் குப்புறச் சாய்ந்தது.

"வால்ல ஈயம் வெச்சுக்கலாம்," என்றார்.

"வேகமா போற பிளேன்ல எவனாவது ஈயத்தைக் கட்டுவானா? மூளை கீளை கழண்டுடுச்சா உங்களுக்கு?"

வழக்கமாக இப்படி ஒரு வார்த்தை சொன்னால் என் பரம்பரையையே இழுத்து வட்டியோடு திருப்பித் தருவார். அன்று கையிலிருந்த துடைக்கும் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குச் சத்தம் வேணும்டா மாப்ளே. அந்த மோட்டார் ஊமை மாதிரி போகுது. இது கிட்ட வர்றப்போ கீச்சுனு ஏறும், தாண்டிட்டா இறங்கும். எங்க இருக்குன்னு காதே சொல்லிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"கண்ணுக்கு என்ன மச்சான்?"

"நேரா பளிச்சுனு தெரியுதுடா. பக்கவாட்டுலதான்... குழாய் வழியா பார்க்கற மாதிரி இருக்கு. டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்காரு. போன பார்வை போனதுதானாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது. அது தெரிந்துவிடக் கூடாதென்று கோபத்தை முன்னால் விட்டேன்.

"பிளேனுக்குச் சத்தம் போடற என்ஜினா பார்த்து எடுத்துட்டீங்க. ரோட்டுல சைடுலேர்ந்து குறுக்க வர்றவன் சத்தம் போட்டுக்கிட்டா வருவான்?"

"தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துதாண்டா ஓட்டறேன்." குரல் இறங்கிவிட்டது. "ஸ்டியரிங்கை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்து நான் என்னடா பண்ணுவேன்?"

அவரைப் பஸ் இல்லாமல் நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலைல வண்டி எடுக்கப் போறீங்களா?"

அவர் என்ஜினை மூக்கில் பொருத்தி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். திருகை நேராக இறக்கி, எப்போதும் போல நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு முறுக்கினார். நேரே இருப்பதில் அவர் பிசகவே மாட்டார்.

"அந்த நட்டைக் குடு," என்று என்ஜினிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினார்.

நட்டை உள்ளங்கையில் வைத்து அவருக்கு இடப்பக்கம் நீட்டினேன். விரல்கள் காற்றில் துழாவின. பிறகு மேஜையில் இறங்கி ஈயத்துண்டையும் பேட்டரியையும் தடவிக்கொண்டு என் கையைத் தாண்டிப் போயின.

"குடுடா, எவ்ளோ நேரம்?"

நான் கையை நகர்த்தாமல் அப்படியே வைத்திருந்தேன். அவருடைய விரல்கள் மெதுவாக நின்றன.

"நீட்டிக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்டார், தலையைத் திருப்பாமலே.