கறுப்பு மூக்குக் கிளி

நாகலிங்கம் கிளியை இடக்கையில் இறுக்கிக்கொண்டு உப்புத்தாளால் அதன் அலகைத் தேய்த்தபோது, சந்திரமதி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த கச்சால் தீவில் சுனாமி வீடுகள் கட்டும் வேலை முடிந்து, அவள் புருஷனான அவன் முந்தின நாள்தான் கப்பலேறி புரோத்ராபூர் வீட்டுக்கு வந்திருந்தான். இன்ஜினியருக்குக் கொடுக்க அவன் அங்கே இருட்டில் வலை போட்டுப் பிடித்து வந்த கிளி.

"கப்பல்ல எவனோ கரியைப் பூசியிருக்கான். கிளின்னா மூக்கு செவப்பாத்தானே இருக்கும்? இதை எப்படி இன்ஜினியர் சாப் கையில குடுக்கிறது?"

"அது பொட்டைங்க. எங்க கச்சால் பக்கம் சேவலுக்குத்தான் செவப்பு."

"எங்க மதுரையில ரெண்டுக்கும் செவப்பு."

"இது மதுரைக் கிளி இல்ல."

"அரே, கச்சால்ல நீ ரப்பர் பால் வெட்டுனியா, கிளி எண்ணிக்கிட்டு இருந்தியா?" சிரித்தான்.

இங்கே கமுகந்தோப்புக்கு வரும் கிளிகளுக்கும் இதே சிவந்த கன்னம், இதே நீள வால். பிடரியில் மட்டும் மஞ்சள் ஓடும். கச்சால் கிளிக்குப் பிடரியும் பச்சை. அம்மாவையும் தங்கையையும் கடல் கொண்டுபோன பிறகு, அந்தத் தீவிலிருந்து அவளிடம் மிஞ்சியது இதைப் பிரித்தறியும் கண் ஒன்றுதான். அதையும் அவன் சிரித்துத் தள்ளினான். நான்கு வருஷமாக அவள் பேச்சையும் குழம்பையும் இப்படித்தான் திருத்தி வந்தான். வளைந்து கொடுத்ததை அன்பு என்று நினைத்திருந்தாள். வெறும் பயமோ என்னவோ.

"பாத்தியா, செவப்பு வருது."

திரும்பினாள். ரத்தம்.

வடிதட்டைப் போட்டுவிட்டு வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கிளி கத்தவே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"தேய்ச்சா அடியில உங்க ஊரு வந்துரும்னு நெனைச்சீங்களா?"

"ஏய், சாப் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் ஒரு முட்டாள்னு சொல்லுங்க."

திறந்துவிட்டிருக்கலாம். புண்பட்ட அலகோடு, தன் கூட்டம் கடலுக்கு அப்பால் இருக்க, அது எங்கே போகும்? அதைக் கூண்டில் விட்டு, கூண்டோடு பஸ் ஏறி வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த காவலர் மருந்து தடவினார். ஆறியதும் கச்சால் கப்பலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"யார் பிடிச்சது? கேஸ் ஆகும், மாலும்?"

"தெரியும்."

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவாள்.

"நாகலிங்கம்," என்றாள். அவர் எழுதும்வரை நின்று, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள்.