கட்டைக்கு அடியில்

அக்கா வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்வதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. அவருடைய மரப்பட்டறையில் வேலை செய்கிற எனக்கு இது தெரியாததல்ல. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தான், அஞ்சு அங்குலத் தடிமன் கட்டை. இதுல வளைவு அறுக்க அந்தக் கை மெஷின் ஜிக்சா வேணாம். மேல கோட்டுலயே போற மாதிரி இருக்கும், உள்ள பிளேடு வளைஞ்சு அடியில எங்கயோ போயிடும். அந்த நிக்கிற பெரிய மெஷின் பேண்ட் சாவுல அறுங்க."

"அதுல அகலப் பிளேடு மாட்டிருக்கு. வளைவுல திரும்பாது."

"குறுகல் பிளேடு அலமாரியில இருக்கே. கழட்டி மாட்டினா ஆச்சு."

பளாரென்று அறைந்தார். என் உதடு கிழிந்தது.

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

தடுக்க வந்த அக்காவைப் பின்னலைப் பிடித்து இழுத்து, மேஜைக்குப் பக்கத்தில் தள்ளினார். "வெட்டுற துண்டு தொங்காம அடியில பிடிடி!"

மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டையை அக்கா மண்டியிட்டுத் தாங்கினாள். மேலே கோடு போன இடத்துக்கு இரண்டு விரல் தள்ளித்தான் பிடித்திருந்தாள். அது போதுமென்று நினைத்திருப்பாள், பாவம்.

அத்தான் ஜிக்சாவை எடுத்துக் கோட்டில் வைத்தார். மெஷின் அலறியது. மேலே இம்மிகூடப் பிசகவில்லை. அத்தான் முகத்தில் அப்படியொரு பெருமை. நான் குனிந்து பார்த்தேன். அடியில் பிளேடு முனை அக்காவின் கட்டைவிரலை உரசிக்கொண்டு துள்ளியது.

"நிறுத்துங்க! அக்கா கை!"

திரும்பிப் பார்த்தார். நிறுத்தவில்லை. உளியை அடிக்கிற கொட்டாப்புளி கைக்கு எட்டியது. ஓங்கி அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு நொறுங்கியது, மெஷின் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா எழுந்து பார்த்தாள். புருஷன் தரையில் கிடந்தார். என் மேல் பாய்ந்தாள்.

"பாவி! அவர் கையை உடைச்சிட்டியேடி!"

முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினாள். ஒரு முறை அல்ல. நான் திருப்பி அடிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து அவள் முகத்துக்கு நேராகத் தூக்கினேன்.

"இதைப் பாரு முதல்ல."

கட்டைவிரலில் தோல் உரிந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது. அக்கா போய்க் கட்டைக்கு அடியில் குனிந்தாள். பிளேடு சாய்ந்து வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே சிக்கி நின்றது. தான் பிடித்திருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்; பிளேடு முனை அங்கேதான் இருந்தது.

"என் கை போச்சுடி!" என்று அத்தான் கத்தினார். "யாரையாவது கூப்பிடுடி!"

அக்கா தன் விரலைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"உங்க கைதானே," என்றாள்.