பாசிக்குள் ஒரு விரால்

கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும், வசுமதி 'நம்ம வீடு' என்று சொன்னால் அது கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்தான். தரைத்தளம், இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்கள். கல்யாணமாகி கரூரிலிருந்து வந்த புதிதில் அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது. கணவன் கேசவனுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஷிப்ட் வேலை. வந்தால் தூங்குவான், எழுந்தால் கிளம்புவான். இருவரும் சண்டை போட்டதில்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேசியதே இல்லை.

தொண்ணூற்றேழு பொங்கலுக்கு அவன் சென்னையிலிருந்து ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தான். கூடவே வந்த பிளாஸ்டிக் செடிகளை அவள் ஒரே வாரத்தில் பிடுங்கிப் போட்டாள். மணலுக்கு அடியில் செம்மண் பரப்பி, நிஜச் செடிகளை நட்டாள். நாடா நாடாக நீள்கிற பாசி, மயிர்போல் அடர்ந்த வேலம்பாசி, மேலே மிதக்கிற சிறு இலைகள். கோடைக்குள் தொட்டி ஒரு சின்னக் காடாகிவிட்டது. அந்தக் காட்டில் கப்பி மீன்கள் குட்டி போட்டன. மத்தியான நேரங்களில் வசுமதி முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் கேசவன் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு ஒரு மீன்குஞ்சைக் கொண்டுவந்தான். திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஏரிக்கரையில் பிடித்ததாம். செம்பருத்தி நிறம், பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு.

"அழகா இருக்குல்ல?" என்றான்.

உண்மையிலேயே அழகாக இருந்தது. தொட்டியில் விட்டதும் பாசிக்குள் நுழைந்தது. அதன்பிறகு கண்ணிலேயே படவில்லை. செத்துப்போய்விட்டது என்று இருவரும் நினைத்தார்கள்.

கொஞ்ச நாளில் கப்பிகள் குறைய ஆரம்பித்தன. முதலில் குட்டிகள், பிறகு பெரியவை. தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று வசுமதி மாற்றிப் பார்த்தாள். அப்படியும் நிற்கவில்லை. ஒரு காலையில், பக்கத்து வீட்டு மார்கரெட் உறைமோர் கேட்டு வந்தாள். நெம்மேலிக்காரி, குடியிருப்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தொட்டியைப் பார்த்தவள் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தாள்.

"இன்னாக்கா, வெராலை வளத்துகினு கீறீங்க?"

"விராலா? எங்க?"

"தோ, கல்லுக்குப் பின்னால தல தெரியுது பாரு. சின்னதுல செவப்பா இருக்கும், வளர வளர மண்ணு கலராப் பூடும். பாக்கி மீனையெல்லாம் இதுதான் துன்னுது. புடிச்சிக் குடு, கொழம்பு வெக்கிறேன்."

வசுமதி பார்ப்பதற்குள் தலை மறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கேசவனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "அந்தத் துளியூண்டு குஞ்சா? இருக்காது வசு."

"அப்ப என் மீனெல்லாம் எங்கங்க போச்சு?"

அவள் குரல் உடைந்தது. அவன் போய் வலையை எடுத்துவந்தான்.

பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் சாமர்த்தியம் தெரிந்தது. வலை தண்ணீரைத் தொட்டால் போதும், ஒரு செடியும் அசையாமல் எங்கோ போய்விடும். பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே மண்புழு போட்டுப் பொறி வைத்தார்கள். மிச்சமிருந்த கப்பிகள்தான் மாட்டின. செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டால் ஒரு நொடியில் பிடித்துவிடலாம் என்றான் கேசவன்.

"செடியில கை வைக்கக் கூடாது," என்றாள் வசுமதி. அவ்வளவு கறாராக அவள் பேசி அவன் கேட்டதில்லை.

வழியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது 'ப்ளுக்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து மறுபடியும். மிதக்கும் இலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளியில் விரால் வாயை நீட்டிக் காற்றைக் குடித்துவிட்டுப் போனது. வேறு எந்த மீனும் அப்படிச் செய்யவில்லை. இது மட்டும் காற்றுக்காக மேலே வந்தே ஆகவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூலையில் ஓர் இடம் தவிர மேற்பரப்பு முழுவதையும் இலைகளால் மூடினாள். அந்த இடைவெளிக்குக் கீழே கேசவன் வலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அவள் பக்கத்தில் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இரண்டு முறை தவறிவிட்டது. அவனுக்குக் கை மரத்துப்போனது.

"வருதா?"

"உஷ்."

"நீ இந்தத் தொட்டி முன்னாடி உக்காந்தாதான் சிரிக்கிற," என்று கிசுகிசுத்தான் அவன். "அதான் இன்னொரு மீன் கொண்டுவந்தேன். இப்படி ஆகும்னு தெரியாது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். உடனே சுதாரித்துக் கண்ணாடியைப் பார்த்தவள் அவன் தோளில் பட்டென்று அடித்தாள். "இப்ப!"

வலை எழும்பியது. உள்ளே விரல் தடிமனுக்குப் பழுப்பாக ஒன்று முறுக்கிக்கொண்டு துடித்தது. அதன் முதுகில் சிவப்பின் சாயல் இன்னும் மிச்சமிருந்தது. குழம்புக்குக் கொடுக்க வசுமதிக்கு மனம் வரவில்லை.

வாளியில் போட்டுத் துணி கட்டி, ஸ்கூட்டரில் இருவருமாக அதே ஏரிக்குக் கிளம்பினார்கள். ஏரி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் துணி நழுவ, விரால் எம்பித் தார்ச்சாலையில் விழுந்து நெளிந்து ஓடியது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தவள் புடவையை இழுத்துச் செருகி, புழுதியில் மண்டியிட்டு, இரு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். கேசவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததேயில்லை. ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை விட்டுவிட்டு வந்தாள். ஒரு சுழிப்பு, அவ்வளவுதான்.

"இவ்ளோ தூரம் வந்துட்டோம், மாமல்லபுரம் போலாமா?" என்றான் அவன்.

கடற்கரையில் ஈரப் புடவையோடு உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். அலையில் குழந்தைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தன. கேசவன் திடீரென்று தன் அக்காவைப் பற்றிப் பேசினான். மாமியார் வீட்டில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படத்தை வசுமதி பார்த்திருக்கிறாள். அதில் இருப்பது யாரென்று எவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. காய்ச்சலில் போனவளாம். அப்போது இவன் ஆறாவது படித்தானாம். ஆற்றில் துண்டு விரித்து மீன் பிடிக்க அவள்தான் கூட்டிப்போவாளாம்.

"பேரு என்னங்க?"

"ஞானம்பாள். நான் ஞானம்னுதான் கூப்பிடுவேன். அதுக்கு அம்மாகிட்ட அடி வாங்குவேன்."

இன்னும் இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டார்கள். அக்கா எப்படி இருப்பாள், எப்படிப் பேசுவாள் என்று வசுமதி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.